மலைநாட்டில் வானலை வேட்டை

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்று நாம் சொல்வதுண்டு. வழி தெரியாது திகைத்து நிற்பவனின் நிலையைக் குறிக்க அதைவிடப் பொருத்தமான தொடர் இல்லை. ஆனால் அந்த நிலையை மனிதர் தாமாகவே விரும்பி மேற்கொள்ளும் ஒரு போட்டியும் உலகில் உண்டு. அதில் கலந்துகொள்பவருக்குக் கண் கட்டப்படுவதில்லை. எனினும் அவர் தேடிச் செல்லும் பொருள் கண்ணுக்குத் தெரியாது. செவியைத் துணையாகக் கொண்டே அவர் காட்டையும் மேட்டையும் கடந்து அதனை அடைய வேண்டும். வானொலி ஆர்வலர் நடத்தும் இத் திசையறி போட்டியை மேலைநாட்டார் விளையாட்டாக ‘நரி வேட்டை’ என்பர். இங்கே நரி என்பது புதருக்குள் மறைத்துவைக்கப்பட்ட ஒரு சிறிய வானொலிச் செலுத்தி. வேட்டைக்காரரின் கையில் இருப்பது ஒரு வாங்கியும், ஒரு திசைகாட்டியும், ஒரு நிலப்படமும் மாத்திரமே.

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பரவிய இவ்விளையாட்டில், 1961ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் நகரில் முதலாவது ஐரோப்பியப் போட்டி நடைபெற்றது. 1980இல் போலந்து நாட்டில் முதலாவது உலகப் போட்டி நிகழ்ந்தது. இலங்கையும் இந்தியாவும் அடங்கும் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான முதற் போட்டி 1993இல் அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் நடந்தது. விதிகள் எங்கும் பெரும்பாலும் ஒன்றே. அவற்றை முதலில் பார்ப்போம்.

நரிகள் ஐந்து. ஐந்தும் ஒரே மீடிறனில்தான் பேசும். ஆனால் ஒருங்கே பேசுவதில்லை. முதலாவது நரி ஒரு நிமிடம் ஒலித்துவிட்டு அடங்கும். அடுத்த நிமிடம் இரண்டாவது, அதற்கடுத்தது மூன்றாவது என ஐந்து நிமிடங்களில் ஒரு சுற்று முடிந்து மீண்டும் முதலாவது தொடங்கும். எந்த நரி பேசுகிறது என்பதை அறிய மோர்ஸ் சங்கேதம் முழுவதையும் கற்றிருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் முதலில் எம், ஓ என்னும் இரண்டு எழுத்துகளை ஒலிக்கும். அதாவது இரண்டு நெட்டொலி, பின்னர் மூன்று நெட்டொலி. அதன்பின் வரும் குற்றொலிகளை எண்ணினால் போதும். ஒரு குற்றொலியானால் முதல் நரி; இரண்டானால் இரண்டாவது; ஐந்தானால் ஐந்தாவது. பத்து விரலை எண்ணத் தெரிந்த சிறுவனும் இதனை அறிந்துகொள்வான்.

ஓடுபவருக்கு உள்ள இடர்ப்பாடும் இதிலேயே அடங்கியிருக்கிறது. தாம் தேடும் நரி ஒரு நிமிடம் குரல் கொடுக்கும். அடுத்த நான்கு நிமிடங்கள் வாய் திறவாது. அந்த ஒரு நிமிடத்தில் திசையைக் கணித்துக்கொள்ள வேண்டும். மிகுதி நான்கு நிமிடமும் கணித்த திசையை மனத்தில் இருத்தி, திசைகாட்டியின் துணைகொண்டு ஓட வேண்டும். புறப்படும் இடத்திலிருந்து 750 மீற்றருக்குள் நரி எதுவும் வைக்கப்படுவதில்லை. ஒரு நரிக்கும் மற்றொரு நரிக்கும் இடையே குறைந்தது 400 மீற்றர் இருக்கும். நரியை அடைந்தவர் அங்கே தொங்கும் செம்மஞ்சள் வெள்ளைக் கொடியருகே தம் வருகையைப் பதிவு செய்துகொண்டு அடுத்ததை நாட வேண்டும். குறித்த நேரத்துக்குள் கூடுதலான நரிகளைக் கண்டவரே முன்னிற்பவர். எண்ணிக்கை ஒத்திருந்தால் குறைந்த நேரத்தில் வந்தவருக்கு வெற்றி.

இனி, ஒரு வாங்கி எவ்வாறு திசையைச் சொல்லுகிறது? இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய திரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி ஒன்று இருக்குமாயின், பகல் வேளையில் மத்திய அலையில் தொலைவிலுள்ள ஒரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைக் கிடையாக மெல்லச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் ஒலி வலுக்கும். ஓரிடத்தில் மங்கி அடங்கும். பெட்டிக்குள்ளே கம்பி சுற்றிய ஒரு கரிய கோல் இருக்கிறது. அதுவே அதன் ஏரியல். அலை வரும் திசைக்குக் குறுக்கே அக்கோல் கிடக்கும்போது ஒலி மிகும். கோலின் முனை நிலையத்தை நேரே நோக்கும்போது ஒலி அடங்கும்.

திசை காண்பவர் நாடுவது ஒலி மிகும் நிலையை அன்று. ஒலி அடங்கும் நிலையையே. இதற்குக் காரணம் உண்டு. ஒலி உச்சத்தில் இருக்கும்போது ஏரியலை 10 பாகை திருப்பினாலும், ஏரியலில் எழும் மின்னழுத்தம் நூறிலிருந்து தொண்ணூற்றெட்டாகத்தான் குறையும். அந்த வேற்றுமையைக் காது உணராது. ஒலி அடங்கிய நிலையிலிருந்து அதே 10 பாகை திருப்பினால், இல்லாதிருந்த ஒலி நூறில் பதினேழு பங்காக எழுந்துவிடும். இந்த வேற்றுமையை எவரும் உணர்வர். ஆகவே குரல் எங்கே உரத்துக் கேட்கிறது என்பதைவிட, எங்கே கேளாமற் போகிறது என்பதே நுட்பமான சான்றாகிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. நரி முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும் கோலின் அடக்கம் ஒன்றுபோலவே தோன்றும். வடக்கா தெற்கா என்று தெரியாமல் கோடு மட்டும் கிடைக்கும். இதைத் தீர்க்கக் குட்டையான நிலைக்குத்துக் கம்பி ஒன்றைக் கூடச் சேர்ப்பர். கம்பியின் அலையும் கோலின் அலையும் ஒரு புறத்தில் ஒன்றையொன்று கூட்டும், மறுபுறத்தில் கழிக்கும். அப்போது நரி இருக்கும் பக்கம் ஐயமின்றித் துலங்கும்.

ஒரு கோடு திசையை மட்டுமே தரும், இடத்தைத் தராது. இடம் வேண்டுமாயின் வேறோர் இடத்துக்கு நகர்ந்து இரண்டாவது கோட்டை எடுத்தல் வேண்டும். இரண்டு கோடுகளையும் நிலப்படத்தில் வரைந்தால் அவை வெட்டும் புள்ளியில் நரி இருக்கும். கோடுகள் செங்கோணத்தை அண்டி வெட்டினால் நன்று. கூரிய கோணத்தில் வெட்டினால் சிறு பிழையும் பெரிதாகிவிடும். 1 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நரியை 5 பாகை பிழையாகக் கணித்தவர் ஏறத்தாழ 87 மீற்றர் விலகிப்போய் நிற்பார். சமநிலத்தில் 87 மீற்றர் பெரிதன்று. மலைநாட்டிலோ அது ஓடையின் அக்கரையாக இருக்கலாம்; ஏறி இறங்க அரைமணி நேரம் ஆகும் மறுபக்கச் சரிவாகவும் இருக்கலாம்.

நான் மஹய்யாவையிலிருந்து பேசுவதால் நம் ஊர்ச் சூழலையே உதாரணமாகக் கொள்கிறேன். கண்டி நகரின் வடபால், யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையும் மாத்தளை செல்லும் இருப்புப்பாதையும் இவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றன. கிழக்கே உடவத்தகலைக் காடு. தெற்கே நகரத்துக்கு அப்பால் ஹந்தானை மலைத்தொடர். வடக்கே இறங்கினால் கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கை. இவ்விடத்தில் ஐந்து நரிகளை மறைத்துவைத்து ஒரு போட்டி நடத்துவதாக எண்ணிப் பாருங்கள்.

போட்டிக்கு இரண்டு வகை அலைகளைப் பயன்படுத்துவது வழக்கம். ஒன்று 80 மீற்றர் அலை, அதாவது 3.5 மெகாஹேட்ஸ். மற்றது 2 மீற்றர் அலை. அதாவது 144 மெகாஹேட்ஸ். நீண்ட அலை நிலத்தைத் தழுவிச் சென்று சிறு குன்றுகளைச் சுற்றிவரும். ஆனால் மின்கம்பி, முள்வேலி, தண்டவாளம் முதலிய நீண்ட உலோகங்களில் பட்டால் அவற்றிலிருந்து மீண்டும் கிளம்பும். ஆகவே இருப்புப்பாதையின் அருகே நின்று திசை எடுப்பவருக்குத் தண்டவாளமே நரியாகத் தோன்றக்கூடும். குற்றலையின் போக்கு வேறு. அது மலைமுகத்தில் மோதித் தெறிக்கும். மகாவலிக் கரையோரப் பள்ளத்தில் உள்ள நரியின் குரல், இடையே உள்ள மேட்டினால் மறைக்கப்பட்டு, எதிரே ஓங்கி நிற்கும் மலைச்சரிவில் பட்டுத் திரும்பி வரலாம். வாங்கியை ஏந்தி நிற்பவர் மலையை நோக்கி ஓடுவார்; நரியோ அவர் முதுகுக்குப் பின்னால் ஆற்றோரத்தில் இருக்கும். பள்ளத்தாக்கில் நின்று கூவினால் எதிரொலி எதிர்மலையிலிருந்து வருவதை மலைநாட்டார் அனைவரும் அறிவர். வானலைக்கும் அதே நியதிதான்.

இதனால் அனுபவமுள்ளவர் செய்வது என்ன? குரல் கேட்டதும் ஓடமாட்டார். முதலில் மேடான, மரமும் கம்பியும் குறைந்த ஓரிடத்தை நாடுவார். அங்கே ஐந்து நரிகளுக்கும் ஐந்து கோடுகள் எடுத்துப் படத்தில் குறித்துக்கொள்வார். சில நூறு மீற்றர் நகர்ந்து மீண்டும் எடுப்பார். மூன்றாவது கோடு முதலிரண்டும் வெட்டிய இடத்தின் வழியே செல்லாவிடின், ஏதோ ஒரு கோடு பொய் சொல்லுகிறது என்று அறிந்துகொள்வார். நில அளவைத் திணைக்களத்தின் ஒன்றுக்கு ஐம்பதினாயிரம் அளவுப் படத்தில் 1 கிலோமீற்றர் 2 சென்ரிமீற்றராகச் சுருங்கும். ஆதலால் பென்சில் கூர்மையாக இருப்பதும் அவசியம். பின்னரே எந்த ஒழுங்கில் ஐந்தையும் கண்டால் ஏற்ற இறக்கம் குறையும் என்று சிந்தித்துப் புறப்படுவார். நரியை நெருங்கும்போது ஒலி மிகுந்து வாங்கி திணறும். எத்திசையில் திருப்பினாலும் ஒலி அடங்காது. அப்போது வாங்கியின் கூருணர்வைக் குறைத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். கால் வேகத்தினால் மாத்திரம் இப்போட்டியை வென்றவர் அரியர். ஐம்பது வயதைக் கடந்த நிதானசாலி இருபது வயது ஓட்டக்காரருக்கு முன்னே நரியை அடைவதும் உண்டு.

இக்கலையின் பிறப்பு விளையாட்டில் அன்று. 1907ஆம் ஆண்டளவில் பெல்லினி, தோசி என்னும் இத்தாலியர் இருவர் சுழலாத கம்பிவளையங்களைக் கொண்டு திசை காணும் முறையை வகுத்தனர். 1916ஆம் ஆண்டு மே மாத இறுதியில், ஜேர்மன் போர்க்கப்பல் ஒன்றின் வானொலிக் குரல் வந்த திசை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை மாறியதைப் பிரித்தானியக் கரையோர நிலையங்கள் கவனித்தன. கப்பற்படை துறைமுகத்தை விட்டு நகர்கிறது என்று அதனால் ஊகித்தனர். அதன்பின் நிகழ்ந்ததே ஜட்லந்து கடற்போர். ஒன்றரைப் பாகையின் பெறுமதி அத்தகையது.

நம் நாட்டிலும் வானொலி ஆர்வலரின் முயற்சி பழமையானது. 1923இல் கொழும்புத் தந்தி நிலையத்தின் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் பாகங்களைக் கொண்டு சோதனை ஒலிபரப்பு நடத்தினார். அவரைச் சுற்றி ஆர்வலர் கூடிய வானொலிக் கழகமும் தோன்றிற்று. 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. ஆர்வலரின் மேசையில் ஒட்டவைத்த கம்பிகளிலிருந்து வளர்ந்ததே இலங்கையின் ஒலிபரப்பு என்றால் அது மிகையாகாது.

இவ்வளவும் சரி, கைத்தொலைபேசியும் செய்மதி வழிகாட்டியும் வந்துவிட்ட இக்காலத்தில் இந்தப் பழைய வித்தையால் என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். செய்மதிக் கருவி, நான் எங்கே நிற்கிறேன் என்பதை எனக்குச் சொல்லும். தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல இயலாத இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்பதை அது எனக்குச் சொல்லாது. அதைச் சொல்ல வல்லது திசையறி வாங்கியே. விமானமோ கப்பலோ விபத்துக்குள்ளாகும்போது இயங்கும் அபாய ஒலிவிளக்குகள் 406 மெகாஹேட்ஸில் செய்மதிக்குச் செய்தி அனுப்பும். அவற்றில் பல, 121.5 மெகாஹேட்ஸில் ஒரு மெல்லிய குரலையும் கூடவே எழுப்புகின்றன. செய்மதி காட்டிய வட்டாரத்தை அடைந்த மீட்புப் படையினர், கடைசித் தொலைவை அந்தக் குரலைப் பின்பற்றியே கடக்கின்றனர். அது நரி வேட்டையின்றி வேறென்ன?

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது தொலைபேசி செத்துக் கிடந்தது. அம்பாந்தோட்டையில் இலங்கை வானொலி ஆர்வலர்கள் சிற்றலைக் கருவி அமைத்துக் கொழும்புடன் தொடர்புகொண்டனர். அந்தமானில் அப்பொழுது தற்செயலாக வானொலிப் பயணத்தில் இருந்த பாரதி பிரசாத் என்னும் இந்திய ஆர்வலர் போட் பிளேயரிலிருந்து செய்தி அனுப்பினார். மலைநாட்டுக்கு ஆழிப்பேரலை வராது, மண்சரிவு வரும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கண்டி மாவட்டச் சரிவுகளைப் பெயர்த்தபோதும் பாதைகள் அறுந்தன. தொலைபேசித் தொடர்புகள் தடைப்பட்டன. அத்தகைய நாளில், மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறு கருவியும், அதன் மெலிந்த குரலை மழையிலும் மூடுபனியிலும் பின்தொடர்ந்து செல்லப் பழகிய ஒருவரும் அருகருகே இருந்துவிட்டால் அது பெரும் பேறு. அந்தப் பழக்கம் அபாயம் வந்தபின் வருவதன்று. விளையாட்டாகப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பயின்றவர்க்கே அது கைவரும்.

செலுத்தியை இயக்குவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே நரியை அமைக்கும் பொறுப்பு உரிமம் பெற்ற ஆர்வலரைச் சாரும். காட்டிலோ தோட்டத்திலோ அதை வைப்பதாயின் அந்நிலத்துக்கு உரியவரின் இசைவும் வேண்டும். தேடுவோருக்கு வேண்டிய வாங்கியைச் சில உறுப்புகளைக் கொண்டு மாணவர் தாமே கட்டிக்கொள்ளலாம். கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பாடசாலை விஞ்ஞானச் சங்கங்கள் இதனை மேற்கொண்டால், பௌதிகப் பாடத்தில் கரும்பலகையில் காணும் அலையை மாணவர் மலைச்சரிவில் கைகளால் உணர்வர். உரத்து ஒலிப்பதெல்லாம் அருகில் இருப்பதன்று என்பதையும், ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒப்பிட்ட பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும் என்பதையும் கற்பர். அவர்களுள் ஒருவரேனும் என்றோ ஒரு நாள், உதவி கேட்கும் ஒரு குரலின் இருப்பிடத்தை மழையிரவில் கண்டறிந்து சென்றடைவாராயின், இந்த விளையாட்டுக்குச் செலவிட்ட காலம் முழுவதும் பயனுள்ளதாகிவிடும்.