வலியின் நேரக் கணக்கு

ஹைதராபாத் சனத்நகர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒருவருக்கு நடுராத்திரியில் மேல்வயிறு இறுக்கிப் பிடித்தால், பக்கத்தில் நிற்பவர் சொல்லும் முதல் வார்த்தை அநேகமாக ‘கேஸ்’ என்பதாகத்தான் இருக்கும். ஒரு ஈனோ பாக்கெட், இல்லையென்றால் ஓமம், அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு சோடா. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து வலி தானாக அடங்கும். அடக்கிய பெருமை குடித்த சோடாவுக்குப் போய்ச் சேரும். பித்தப்பைக் கல்லின் வலி வருடக்கணக்கில் வேறு பெயரில் உலவ முடிவது இதனால்தான்: அது வரும், இருக்கும், யாரும் ஒன்றும் செய்யாமலே போய்விடும். தோள்பட்டையில் வலி, முதுகில் வலி, நெஞ்சுக்குழியில் அடைப்பு, காரணமில்லாத குமட்டல் என்று இந்த நோயின் ‘எதிர்பாராத’ அறிகுறிகளாகச் சொல்லப்படுபவை எல்லாம், வலிக்கும் இடத்தை மட்டும் விசாரிப்பதால் எதிர்பாராதவை ஆகின்றன. எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தால் அவற்றில் பெரும்பகுதி ஓர் ஒழுங்குக்குள் வந்துவிடும்.

கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பை 30 முதல் 50 மில்லி மட்டுமே கொள்ளும். கல்லீரல் நாள் முழுக்கச் சுரக்கும் பித்தநீரில் ஒரு பகுதியை வாங்கி, அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, சுண்டிய நிலையில் வைத்திருப்பது அதன் வேலை. கொழுப்புள்ள சாப்பாடு சிறுகுடலில் இறங்கியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்க, பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்கு அனுப்புகிறது. பையின் வாயில் கல் வந்து அடைத்துக்கொண்டால், சுருங்கச் சுருங்க உள்ளே அழுத்தம் ஏறும். வலி அங்கே பிறக்கிறது. ஆனால் அது உணரப்படும் இடம் வேறாக இருக்கலாம். பித்தப்பையின் வலி நரம்புகள் மார்பு முதுகெலும்பின் 5 முதல் 9 வரையிலான மட்டங்களில் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. நெஞ்சுக்குழியிலிருந்தும் வலது தோள்பட்டை எலும்பின் கீழிருந்தும் வரும் நரம்புகளும் அதே மட்டங்களுக்குத்தான் வருகின்றன. இரண்டு வீட்டு அழைப்பு மணிக்கு ஒரே ஒயர் இழுத்தது போல, எந்த வாசலில் ஆள் நிற்கிறார் என்று மூளைக்குத் தெரிவதில்லை. அழற்சி முற்றி உதரவிதானத்தைத் தொட்டுவிட்டால் வலி தோளின் உச்சிக்கே ஏறும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆம் மட்டங்களிலிருந்து கிளம்புவது. தோளின் தோலுக்கும் அங்கிருந்தே நரம்பு போகிறது. லேத் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவர் தோள் வலி என்று சொன்னால் சந்தேகம் வேலையின் மேல்தான் விழும், அதில் தப்பில்லை. ஆனால் தசை வலி கையைத் தூக்கினால் கூடும், ஒரு வாகில் வைத்தால் குறையும். பித்தப்பையின் வலிக்குக் கை எப்படி இருந்தாலும் ஒன்றுதான்.

இந்த வலிக்கென்று ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. குடல் நோய்களுக்கான ரோம் அளவுகோல்களின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு அதைத் தெளிவாக வரையறுக்கிறது: படிப்படியாக ஏறி, ஒரே மட்டத்தில் நின்று, 30 நிமிடமாவது நீடிக்கும், தினமும் வராது, கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார வைக்கும், மலம் கழிப்பதாலோ திரும்பிப் படுப்பதாலோ அமில மாத்திரையாலோ பெரிதாகக் குறையாது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் விட்டுவிடும். ஆறு மணி நேரம் தாண்டியும் விடவில்லை என்றால் பை அழற்சி கண்டிருக்கலாம் என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். இத்துடன் வாயுத் தொல்லையை ஒப்பிட்டால் வித்தியாசம் துலங்கும். வாயு வந்து வந்து போகும், ஏப்பம் விட்டால் இளகும், வாரத்தில் ஐந்து நாள் இருக்கும். ஷிப்ட் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு குழம்பிப்போவது இயல்பு. இந்த வாரம் இரவு பத்து மணிக்குச் சாப்பாடு, அடுத்த வாரம் அதிகாலை இரண்டு மணிக்கு. ‘சாப்பிட்ட பிறகு வலிக்கிறதா’ என்று மருத்துவர் கேட்டால் எந்தச் சாப்பாட்டைச் சொல்வது? என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு வலி பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது என்று மூன்று விவரத்தை செல்போனில் குறித்து வைத்தால், நான்கைந்து முறை வந்ததுமே உருவம் தெரிந்துவிடும். பல பரிசோதனைகளைவிட மலிவான வேலை இது.

நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் மாரடைப்பு ஆளைக் கொண்டுபோய்விடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பதிலிலும் சமரசம் கூடாது. நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், முதலில் ஈசிஜி, பிறகுதான் எல்லாம். இதயத்தின் அடிச்சுவரில் வரும் மாரடைப்பு வாந்தியும் வயிற்று வலியுமாகவே வந்து ஏமாற்றக்கூடியது. பித்தப்பையில் கல் இருப்பது முன்பே தெரிந்த நோயாளியிடமும் இந்த வரிசையை மாற்றக்கூடாது. குறிப்பேட்டுக்கான தேவை அதற்குப் பிறகு வருகிறது. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்து, ‘ஹார்ட்ல ஒண்ணுமில்ல, கேஸ்தான்’ என்று வீட்டுக்கு அனுப்பப்படும் இடத்தில்தான் பித்தப்பை தப்பிவிடுகிறது. வாக்கியத்தின் முதல் பாதி பரிசோதித்துச் சொன்னது. இரண்டாவது பாதி ஊகம்.

சரி, ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடப் போகிறது, கதை கேட்பானேன் என்பது அடுத்த வாதம். பித்தப்பைக் கல்லைப் பிடிப்பதில் அல்ட்ராசவுண்டு கெட்டிக்காரக் கருவிதான். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதற்குக் காரணமும் அந்தப் பைதான்: பால் சேர்த்த ஒரு டீ உள்ளே போனாலும் அது சுருங்க ஆரம்பித்துவிடும், சுருங்கிய பைக்குள் சிறு கல்லைத் தேடுவது கஷ்டம். நிரம்பிய பையில் கல் வெள்ளைப் புள்ளியாக மின்னும், அதன் பின்னால் கருநிழல் விழும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் புள்ளி உருண்டு இடம் மாறும். ஆனால் அந்தக் கல்தான் வலிக்குக் காரணமா என்பதைத் திரை சொல்லாது. வயிற்று உப்புசம், ஏப்பம், எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாமை ஆகியவை கல் இல்லாதவர்களிடமும் ஏறத்தாழ அதே அளவுக்கு இருப்பவை. நெதர்லாந்தில் 24 மருத்துவமனைகளில் 1,067 நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘செக்யூர்’ ஆய்வு 2019-இல் லான்செட் இதழில் வந்தது. வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பிறகு வலியே இல்லாமல் இருந்தவர்கள் 60 சதவீதம். வலியின் தன்மையைக் கறாராக விசாரித்து, தேர்ந்தவர்களுக்கு மட்டும் அறுவை சிகிச்சை செய்த குழுவில் 56 சதவீதம். அப்படியென்றால் விசாரிப்பதாலும் பயனில்லை என்றுதானே ஆகிறது? ஓரளவுக்கு ஆகிறது, மறுப்பதற்கில்லை. விசாரணை எல்லாரையும் சரியாகப் பிரித்துவிடுவதில்லை. ஆனால் அதே எண்கள் இன்னொன்றையும் சொல்கின்றன: எப்படித் தேர்ந்தெடுத்தாலும் பத்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு வயிற்று வலி மிச்சம் இருந்தது. அவர்களில் பலருக்கு வலியின் ஊற்று வேறெங்கோ இருந்திருக்க வேண்டும். கத்தி வைப்பதற்கு முன்பே நோயாளியிடம் ‘இந்த வலி போகும், அந்த உப்புசம் போகாமலும் இருக்கலாம்’ என்று பிரித்துச் சொல்ல, நேரக் கணக்கை விட்டால் எளிய வழி இல்லை.

வலியே இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தால்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஊழியர்களில் அப்படிப்பட்ட 123 பேரைத் தொடர்ந்து கவனித்த கிரேசி, ரான்சோஹாஃப் ஆகியோரின் ஆய்வு 1982-இல் வெளியானது. 20 ஆண்டுகளில் வலி கண்டவர்கள் ஏறத்தாழ 18 சதவீதம்தான். மற்றவர்கள் கல்லோடு நிம்மதியாக வாழ்ந்தார்கள். ஆகவே மௌனக் கல்லைத் தொடாமல் விடுவதே பொது வழக்கம். இங்கே சனத்நகர் போன்ற இடத்துக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. 1968-இல் ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா இந்திய ரயில்வே ஊழியர்களின் பதிவுகளை ஆராய்ந்து, பித்தப்பைக் கல் தென்னிந்தியர்களைவிட வட இந்தியர்களிடம் ஏழு மடங்கு அதிகம் என்று எழுதினார். கங்கைச் சமவெளியில் கொலஸ்ட்ரால் கற்களும், அவற்றோடு பித்தப்பைப் புற்றுநோயும் அதிகம்; தெற்கே நிறமிக் கற்களின் பங்கு கூடுதல், புற்றுநோய் குறைவு. ஹைதராபாத் தொழிற்சாலைகளில் தெலுங்கு, தமிழ்த் தொழிலாளிகளோடு பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒரே அளவு கல், ஒரே மாதிரி மௌனம். ஆனால் இருவருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. பூர்வீகம் எந்த ஊர் என்பதும் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று.

கல்லைக் கரைக்கும் மருந்து பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அர்சோடீஆக்சிகோலிக் அமிலம் சிறிய, சுண்ணாம்பு படியாத கொலஸ்ட்ரால் கற்களை மாதக்கணக்கில் கரைக்கும். நிறுத்திய ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் திரும்ப வரும். நிறமிக் கல்லில் அதன் பாச்சா பலிக்காது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைக் கற்கள் வெளியே வந்து விழும் என்ற வைத்தியத்தைப் பற்றி லான்செட் 2005-இல் ஒரு ஆராய்ச்சிக் குறிப்பு வெளியிட்டது. சோதித்துப் பார்த்ததில் அந்தக் கற்கள், குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பாகித் திரண்ட உருண்டைகள். பட்டினி கிடப்பதும் வேலைக்காகாது. வெகுவேகமாக எடை குறைத்தால் புதுக் கல்லே உருவாகும். இப்போது பிரபலமாகிவரும் எடைக் குறைப்பு ஊசிகளிலும் பித்தப்பைத் தொல்லை ஒரு பக்கவிளைவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

பையை எடுத்துவிட்டால் செரிமானம் போய்விடும் என்ற பயம் மிகைப்படுத்தப்பட்டது. எரிஷ் மூஹே ஜெர்மனியில் 1985-இல் லேப்ராஸ்கோப்பி மூலம் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். தெஹம்டன் உட்வாடியா மும்பையில் 1990-இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து கோடிக்கணக்கானவர்கள் பித்தப்பை இல்லாமல் பிரியாணி சாப்பிட்டு வருகிறார்கள். பித்தநீர் தேங்கி நிற்காமல் சொட்டுச் சொட்டாக நேரே குடலில் இறங்கும், அவ்வளவுதான். சிலருக்கு வயிற்றுப்போக்கு கொஞ்ச காலம் இருக்கும், அதற்கு மருந்து உண்டு.

காத்திருக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், கறுத்த சிறுநீர், வெளுத்த மலம், முதுகை ஊடுருவும் விடாத வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் கல் பித்தக் குழாய்க்கு நழுவியிருக்கலாம், கணையமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அழற்சி முற்றிய நிலையிலும் வலி லேசாகவே இருக்கக்கூடும் என்பதால், அவர்கள் விஷயத்தில் வலியின் கணக்கை நம்ப முடியாது. இந்த வட்டாரத் தொழிலாளிகளுக்கு சனத்நகரிலேயே ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மெட்ரோ நிலையமே அதன் பெயரில் நிற்கிறது. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருகிறார்கள். 2019 முதல் சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியின் பங்கு, 3.25 சதவீதம் முதலாளியின் பங்கு. சிகிச்சையோடு நோய்க்காலப் பணமும் உண்டு: ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்கு கட்டியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அறுவை சிகிச்சைக்கு லீவு போட்டால் கூலி போய்விடுமே என்று வலியைச் சோடாவில் கழுவிக்கொண்டிருப்பவர், முதலில் தன் பெயரில் பங்கு கட்டப்பட்டிருக்கிறதா என்று காண்டிராக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.