கொழுந்தும் கன்னமும் வாடும் மாதங்கள்

தை பிறந்து தெல்தோட்டையில் மழை ஓய்ந்துவிட்டால், கணுக்காலில் நகத்தால் ஒரு கீறு கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழும். அந்த நாட்களில் பீலித் தண்ணீரில் முகத்தை நனைத்து, குளிக்கிற சவர்க்காரத்தை நாலு தேய்ப்புத் தேய்த்து, அவசர அவசரமாகச் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போகிறவருக்கு, வெயில் ஏறும்போது கன்னம் காந்தத் தொடங்கும். பிளேட் சரியில்லை என்று புதியது வாங்குவார். மறுநாளும் எரியும். குற்றம் பெரும்பாலும் பிளேட்டில் இல்லை. காற்றிலும் சவர்க்காரத்திலும் இருக்கிறது.

காற்று செய்கிற வேலை இந்த மலைக்குப் புதிதல்ல. பக்கத்து லூல்கந்துரவில்தான் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இன்றும் தொழிற்சாலைக்கு வரும் கொழுந்தை முதலில் வாட்டத்தான் போடுகிறார்கள். பச்சைக் கொழுந்தின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். பல மணி நேரம் காற்று ஊத ஊத அந்தத் தண்ணீர் வெளியேறி, மொடமொடப்பான இலை துவண்டுவிடும். காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் வாட்டம் சீக்கிரம் முடியும். அதே காற்றுதான் நம் கன்னத்தையும் தடவிக்கொண்டு போகிறது. ஆனால் தோல் கொழுந்தைப் போலத் துவளாது, விறைத்து வெடிக்கும்.

தோலின் மேற்படை மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. செத்துத் தட்டையான கலங்கள் செங்கல் போல அடுக்கி நிற்க, கொழுப்பு அவற்றுக்கிடையே சாந்து போல நிரம்பியிருக்கிறது. 1952இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் படையை எடுத்து உலர்த்திப் பார்த்தார். காய்ந்ததும் அது ஒடியும் தன்மைக்கு வந்தது. எண்ணெயில் ஊறவைத்தார், இளகவில்லை. தண்ணீர் பட்டதும் இளகிற்று. தோலை மென்மையாக்குவது தண்ணீர். எண்ணெய், வந்த தண்ணீரை ஓடவிடாமல் பிடித்துவைக்கும் காவல் மட்டுமே. சவரத்தைப் பற்றி இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தாடிமயிருக்கும் இதே கதைதான். காய்ந்த மயிர் முரடு. அது தன் எடையில் ஏறத்தாழ 30 வீதம் வரை தண்ணீரை உறிஞ்சும்; உறிஞ்சியபின் வெட்டுவதற்கு மிகக் குறைந்த விசையே போதும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். நனைத்தவுடன் கத்தியை வைத்தால் மயிர் இழுபடும். கத்தியோ மயிரோடு சேர்த்து மேற்படையின் செதில்களையும் வழித்துக்கொண்டு போகும். ஏற்கெனவே காய்ந்து செதிலெடுத்த தோலில் இந்தச் சேதம் இரட்டிப்பாகும்.

அந்த மூன்று நிமிடமும் தண்ணீரை முகத்தில் நிறுத்திவைப்பதுதான் நுரையின் வேலை. எல்லாச் சவர்க்காரமும் இதைச் செய்யாது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம். அதிலிருந்து வரும் சவர்க்காரம் சட்டென்று பெரிய குமிழிகளாகப் பொங்கும், சட்டென்று அடங்கும். அழுக்கோடு தோலின் சாந்தையும் கரைத்துக்கொண்டு போவதில் அது கெட்டிக்காரன். சவரத்துக்கென்று செய்வதில் ஸ்டியரிக் அமிலம் கூடுதலாக இருக்கும். சோடியக் காரத்தோடு பொட்டாசியக் காரமும் சேர்ப்பதால் அது எளிதில் கரைந்து, தயிர் போன்ற கெட்டி நுரை தரும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரினும் அதில் இருக்கும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு கோப்பைகளில் இரண்டு வகை நுரையையும் அடித்து, தை மாதக் காற்றுப் படும்படி ஜன்னலோரம் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, குளிக்கிற சவர்க்காரத்தின் நுரை ஓட்டை ஓட்டையாக இறங்கி, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். மற்றது பெரும்பாலும் வைத்தபடியே நிற்கும். உங்கள் கன்னத்திலும் நடப்பது இதுதான்.

இரண்டும் காரத்தன்மை கொண்டவைதான். தோலின் அமிலகாரச் சுட்டெண் 5 அளவில் இருக்க, சவர்க்காரத்தினது 9, 10 வரை போகும். ஆகவே எதைப் போட்டாலும் நன்றாகக் கழுவிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக் கிணற்று நீரில் சவர்க்காரம் திரிந்து பிசுபிசுப்பாக ஒட்டும். அங்கே இன்னும் கூடுதலாகக் கழுவ வேண்டும்.

தை முதல் பங்குனி வரை இப்படிச் செய்து பாருங்கள். இளஞ்சூடான தண்ணீரில் நனைத்த துவாயை மூன்று நிமிடம் முகத்தில் வையுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். அது தோலின் கொழுப்பையும் கரைத்துவிடும். நுரையைப் பூசி, காயத் தொடங்கினால் மீண்டும் நனையுங்கள். மயிர் வளரும் பக்கமாகவே கத்தியை இழுங்கள். கழுவி, துவாயால் ஒற்றி, ஈரம் முழுதும் போவதற்குள் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துப் பூசுங்கள். சவர்க்காரமானபோது தோலைக் காயவைத்த அதே எண்ணெய், இப்போது காவலுக்கு நிற்கும். சீனாக்காரத்தை வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் வையுங்கள். முகம் முழுதும் தேய்த்தால் தோல் மேலும் இறுகும்.

கொழுந்து வாடினால்தான் தேநீருக்கு மணம். வாட்டம் தொழிற்சாலையோடு நிற்கட்டும். கன்னத்தின் ஈரத்தைக் காக்க, காலையில் ஐந்து நிமிடம் முந்தி எழுந்தால் போதும்.