பிரேக் இல்லாத 250 குதிரைகள்!

காலேஜில் கிரிக்கெட் டீம் இருக்கும், கபடி டீம் இருக்கும்... மீன்பிடி டீம்? அமெரிக்காவில் அதுவும் உண்டு! அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் தூண்டிலோடு போட்டிக்குப் போகிற மாணவர் டீமே இருக்கிறது. பிடிக்க வேண்டிய மீனின் பெயர் 'பாஸ்'. (நம்மாளுங்க ஆளாளுக்குக் கூப்பிட்டுக்கிற 'பாஸ்' இல்லை!) அதைத் துரத்துகிற வண்டிதான் 'பாஸ் போட்'.

1948-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் இந்த மீனுக்கென்றே ஒரு படகை வடிவமைத்தார். இன்றைய படகோ வேறு ரகம். 20, 21 அடி நீளம். பின்னால் தொங்குகிற மோட்டார் 250 குதிரைத்திறன். அந்தக் கால மாருதி 800 ஆறைச் சேர்த்துக் கட்டினாலும் எட்டாது! மணிக்கு 110 கி.மீ.யை அசால்ட்டாகத் தாண்டும். மீனுக்கு எதுக்குங்க இவ்வளவு வேகம்? போட்டியில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல இடத்துக்கு முதலில் போய்ச் சேரணுமே!

புதுசா வாங்கினவர் முதலில் பழக வேண்டியது 'ட்ரிம்' பட்டன். மோட்டாரை உள்ளே, வெளியே சாய்க்கிற வேலை இதற்கு. கிளம்பும்போது முழுக்க உள்ளே. படகு தண்ணீர் மேல் ஏறி வழுக்க ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே. மூக்கு உயரும், தண்ணீரில் உரசல் குறையும், வேகம் கூடும். ஓவராகப் போனால் மூக்கு டால்பின் மாதிரி எகிறி எகிறிக் குதிக்கும். கொஞ்சம் உள்ளே இழுத்தால் அடங்கிவிடும்.

நிஜமான பயம் 'சைன் வாக்'. முழு வேகத்தில் படகு, அடியிலுள்ள ஒரு குறுகிய பட்டையில்தான் நிற்கிறது. வலப்பக்கம் லேசாகச் சாயும். ஓட்டுபவர் லேட்டாகத் திருப்புவார். இடப்பக்கம் இன்னும் அதிகமாகச் சாயும். ஆட்டம் இப்படியே பெருகினால் ஆளையே தூக்கி வெளியே எறிந்துவிடும். சாய்வு தொடங்கும்போதே ஸ்டியரிங்கைத் துளித்துளியாகத் திருத்தணும். அதுக்கு ரெண்டு கையும் வேணும். அதனாலேயே பலர் காலால் மிதிக்கிற ஆக்ஸிலரேட்டர் வைத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் கட்டுக்குள் வரலையா? வேகத்தை மெதுவாகக் குறைக்கணும்.

விழுந்துட்டா? ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து, விழுந்தவரையே மோதலாம். அதற்குத்தான் 'கில் ஸ்விட்ச்' கயிறு. ஒரு முனை உடம்பில், மறுமுனை ஸ்விட்சில். ஆள் தெறித்தால் மோட்டார் நின்றுவிடும். 26 அடிக்குக் குறைவான இந்த மாதிரிப் படகுகளில், வேகமெடுத்து ஓடும்போது இதை மாட்டியிருக்க வேண்டும் என்கிறது 2021 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த அமெரிக்கச் சட்டம்.

இனி ரிப்பேர் சமாச்சாரம். மோட்டார் அலறுது, படகு நகரலையா? ப்ரொபெல்லரின் நடு புஷ் வழுக்கியிருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் மோட்டார் பக்கத்துச் சின்னத் துவாரத்தில் தண்ணீர் பீச்சுதான்னு பார்க்கணும். வரலைன்னா துவாரத்தில் அடைப்பு, இல்லாவிட்டால் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் போச்சு. உடனே ஆஃப்! எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அதனால் ஃபில்டரையும் அவ்வப்போது மாற்றணும்.

இன்னொரு ஐட்டம், படகின் பின்பக்க அடியிலுள்ள தக்கை. விலை சொற்பம்தான். ஆனா, மறந்தால் மொத்தப் படகும் தண்ணீர் குடிக்கும். பழகினவர்கள் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் ரிவர்ஸ் எடுக்கிறார்கள்.