தீட்டு வேறு, நோய் வேறு

ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது முறை கை கழுவும் பிள்ளையை நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? முதலில் "ரொம்பச் சுத்தமான புள்ளைங்க" என்று பெருமைப்படுகிறோம். சோப்புக் கரைந்து, விரல் இடுக்கில் தோல் வெடித்த பிறகு திட்டுகிறோம். அதற்கும் நிற்காவிட்டால் மந்திரிக்கக் கூட்டிப் போகிறோம். இந்த மூன்றும் அந்தப் பிள்ளைக்கு உதவாது. அது எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். மருத்துவர்கள் ‘ஓ.சி.டி.’ என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. அதைப் பெறுவது நம் உரிமை.

இந்த நோய்க்கு இரண்டு பக்கங்கள். ஒன்று, வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணம். கை அழுக்காகிவிட்டது, கதவைப் பூட்டவில்லை, கேஸை அணைக்கவில்லை, பெற்ற குழந்தைக்கே தீங்கு செய்துவிடுவோமோ, சாமி முன் நிற்கையில் ஏன் கெட்ட நினைப்பு வருகிறது என்று அது பல வடிவங்களில் வரும். மற்றொன்று, அந்தப் பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் சடங்கு. கழுவுவது, எண்ணுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, "ஒன்னும் ஆகாதில்ல?" என்று மீண்டும் மீண்டும் கேட்பது. செய்தவுடன் சில நிமிடம் நிம்மதி. பிறகு எண்ணம் முன்னைவிட வலுவாகத் திரும்புகிறது. செக்கு மாடு போலச் சுற்றுவதுதான் மிச்சம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தவர்களில் ஏறத்தாழ 0.8 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதாக அது கண்டது. 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாவட்ட மக்கள்தொகை 34 லட்சத்துக்கு மேல். அந்த விழுக்காட்டை இங்கே பொருத்தினால், நம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ இருபதாயிரம் பேர். பெரும்பாலும் பதின்வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும் நோய் இது. படிப்பும் வேலையும் தொடங்கும் வயது.

நம் வீட்டுக்குள் வரும்போது

தலித் குடும்பங்களில் இந்த நோய்க்கு இன்னொரு வலியும் சேர்கிறது. இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தந்தை தூய்மைப் பணியாளர். மகள் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறார். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர், அப்பாவின் சட்டை கொடியில் உரசிவிட்டால் தன் துணியையெல்லாம் மறுபடி துவைக்கிறார். அப்பா தொட்ட தம்ளரைத் தொடுவதில்லை. அவர் உட்கார்ந்த பாயைத் தாண்டிச் சுற்றிப் போகிறார்.

அந்தத் தந்தைக்கு என்ன தோன்றும்? டீக்கடையில் தனித் தம்ளரில் குடித்தவர்களின் பிள்ளை அவர். "படிக்க வெச்ச புள்ளையே நம்மளத் தீண்டாமை பாக்குதே" என்று அவர் நெஞ்சு வேகும். மகளோ இரவெல்லாம் அழுதுகொண்டிருப்பார். அப்பா மீது அவருக்கு அருவருப்பு இல்லை, பாசம்தான் இருக்கிறது. தான் செய்வது அர்த்தமற்றது என்றும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஆனாலும் நிறுத்த முடியாது. நோயின் அறிகுறி தீண்டாமையின் உருவத்திலேயே வந்து நிற்பதால், அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

இங்கேதான் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாதிக்காரர்கள் பார்க்கும் தீட்டும் ஒரு மனநோய்தானே என்று நம் தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. இல்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் இறங்கி மக்களோடு நீர் அருந்தினார். பிறகு சாதி இந்துக்கள் 108 குடம் பஞ்சகவ்யத்தை ஊற்றிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தார்கள். அவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல. ஊர் கூடிப் பெருமையோடு செய்தார்கள். அதனால் அவர்கள் தூக்கம் கெடவில்லை, அதிகாரம்தான் நிலைத்தது. அதை நோய் என்று சொன்னால் குற்றவாளிக்கு மருத்துவச் சான்று கொடுத்ததாக ஆகிவிடும். தீண்டாமைக்கு மருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். தன்னையே வருத்திக்கொண்டு கழுவும் பிள்ளைக்கு மருந்து மருத்துவமனையில் இருக்கிறது.

சாதிதான் இந்த நோயை உண்டாக்குகிறது என்றும் சொல்ல முடியாது. மரபுவழி, மூளையின் இயக்கம், வாழ்க்கை நெருக்கடி எனப் பல காரணங்கள் சேர்ந்து வருவது இது. எல்லாச் சாதியிலும், எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் எண்ணம் எந்த உருவம் எடுக்கும் என்பதைச் சுற்றியுள்ள சமூகம் தீர்மானிக்கிறது. ‘அழுக்கு’ என்ற சொல்லைப் பள்ளியிலிருந்தே கேட்டு வளரும் பிள்ளையின் அச்சம் அந்தச் சொல்லைப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. யாரும் குறை சொல்லக் கூடாது என்று சட்டையை வெளுத்துப் போட்டுப் போகும் பிள்ளையை நாம் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். அந்தப் பாராட்டுக்குப் பின்னால் நோய் ஒளிந்துகொள்ளவும் கூடும்.

எப்படித் தெரிந்துகொள்வது? கழுவிய பிறகு நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போக முடிகிறதா? ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே கழிகிறதா? படிப்பும் வேலையும் உறவும் கெடுகின்றனவா? சாக்கடைப் பணி முடித்து வந்தவர் சோப்புப் போட்டுக் குளிப்பது தேவை. குளித்து முடித்தவர் வெளியே வர முடியாமல் மூன்று மணி நேரம் நிற்பது நோய்.

சிகிச்சை எப்படி நடக்கிறது

1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், பல ஆண்டுகளாக இந்த நோயால் முடங்கிக் கிடந்த இருவருக்கு ஒரு புது வழியில் சிகிச்சை அளித்ததை எழுதினார். அவர்கள் அஞ்சியதைத் தொடச் செய்தார். செவிலியர்களின் துணையோடு, சடங்கைச் செய்யாமல் பார்த்துக்கொண்டார். இருவரும் பெருமளவு தேறினார்கள். அந்த வழிதான் வளர்ந்து இன்று ‘ஈ.ஆர்.பி.’ எனப்படுகிறது. அஞ்சுவதை எதிர்கொள்வது, சடங்கைத் தவிர்ப்பது என்பதே அதன் சாரம்.

மேலே சொன்ன மகளுக்கு இதை எப்படிச் செய்வார்கள்? முதலில் உளவியலாளரும் அவரும் சேர்ந்து அச்சங்களை ஏணிப்படி போல வரிசைப்படுத்துவார்கள். அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் நிற்பது நூற்றுக்கு 30 மதிப்பெண் பயம். துணிக்கொடியைத் தொடுவது 50. துவைத்த சட்டையைத் தொடுவது 80. கீழ்ப்படியில் தொடங்குவார்கள். தொட்ட பிறகு கழுவக் கூடாது. பதற்றம் ஏறும், நெஞ்சு படபடக்கும். கழுவாமலே காத்திருந்தால் அது தானாக இறங்கும். நாள்தோறும் இதைப் பழகப் பழக, தொட்டாலும் எதுவும் ஆகவில்லை என்பதை மனம் அனுபவத்தில் கற்றுக்கொள்கிறது. பிறகு அடுத்த படி. வற்புறுத்தல் கிடையாது, அவர் சம்மதித்த படிதான். சாப்பிடும் முன் கை கழுவுவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும். ஃபுளுவாக்சடின் போன்ற மருந்துகளையும் மருத்துவர் தரலாம். அவை வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகும் என்பதால் பத்து நாளில் பலன் இல்லை என்று நிறுத்திவிடக் கூடாது. இந்தச் சிகிச்சையை முழுமையாக முடிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நல்ல நிவாரணம் பெறுகிறார்கள். எண்ணம் அறவே வராமல் போகாவிட்டாலும், வந்தால் அதற்கு அடிபணியாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

வீட்டார் செய்யவேண்டியதும் உண்டு. "பூட்டியாச்சா?" என்று பத்தாவது முறை கேட்டால் பத்தாவது முறையும் பதில் சொல்வது அன்பாகத் தோன்றும், அது நோய்க்குத் தீனி. ஒரு முறை பதில் சொல்லுங்கள். பிறகு, "இது உன் நோய் கேக்குற கேள்வி கண்ணு" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அடிக்காதீர்கள். குளியலறைக்கு வெளியே நின்று கத்தாதீர்கள்.

சட்டம் நம் பக்கம்

குறி கேட்பதும் கயிறு கட்டுவதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஆண்டுகள் வீணாகும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்ததில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்ததை நாம் மறக்கவில்லை. சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, மனநலச் சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. சாதியின் பெயரால் பாகுபாடு கூடாது என்று சாதியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு மனநலச் சேவைகள் இலவசம் என்றும் சொல்கிறது.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு எந்தக் கிழமையில் உங்கள் வட்டார அரசு மருத்துவமனைக்கு வருகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். உடனே பேச வேண்டுமானால் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். நோய் நீண்ட காலமாகக் கடுமையாக இருந்து, மதிப்பீட்டில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ வந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழும் பெறலாம்.

சட்டத்தில் இருப்பதெல்லாம் கைக்கு வந்துவிடுவதில்லை. பதினைந்து அமர்வு என்றால் பதினைந்து நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். பேச்சுச் சிகிச்சைக்கு உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். எனவே நாம் கேட்க வேண்டியவை இவை: ஒவ்வொரு வட்டார அரசு மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற உளவியலாளர், வேலைக்குப் போவோருக்கு ஞாயிற்றுக்கிழமை அமர்வு, ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு மாதந்தோறும் மனநலக் குழுவின் வருகை. அடுத்த கிராம சபையில் குடிநீர், சுடுகாட்டுப் பாதை கோரிக்கைகளோடு இதையும் தீர்மானமாக எழுதிக் கொடுப்போம்.

கொடியில் காயும் அப்பாவின் சட்டையை ஒரு மகள் எடுத்து மடித்து வைப்பதற்கு, ஊரில் ஒரு உளவியலாளர் இருந்தால் போதும். அந்த அளவு எளிய கோரிக்கை இது.