ஹார்ட் டிஸ்கில் அளவு குறைகிறதா? கூடுதலாகக் காட்டினால்தான் ஆபத்து

கடைக் கணக்கைக் கொப்பியில் எழுதிய காலம் போய், இன்று சிறிய பலசரக்குக் கடையில்கூட கணனியில்தான் பில் அடிக்கிறோம். யார் எவ்வளவு கடன், எந்தக் கம்பனிக்கு எந்தத் திகதியில் செக் என்பதெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. அதனால் கணக்கின் பிரதியொன்றைத் தனியான ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைக்கும்படி பலருக்கும் சொல்லி வருகிறேன். வாங்கியவர்கள் திரும்பி வந்து கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "நானா, ஒரு டெராபைட் என்று காசு எடுத்தான். போட்டுப் பார்த்தால் 931 கிகாபைட்தான் காட்டுகிறது. மிச்சம் எங்கே?"

நியாயமான கேள்வி. நிறுவை குறைந்தால் கேட்பவன்தான் வியாபாரி. ஆனால் இந்த விடயத்தில் யாரும் களவெடுக்கவில்லை.

துணி வியாபாரிக்கு இது உடனே விளங்கும். 100 யார் துணியை மீற்றரில் அளந்தால் 91.44 என்றுதான் வரும். துணி குறையவில்லை, அளவுகோல்தான் மாறியது. ஹார்ட் டிஸ்க் செய்யும் கம்பனிகள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றன. அவர்களுடைய ஒரு டெராபைட் என்பது 1,000,000,000,000 பைட். விண்டோஸோ 1024, 1024 ஆக எண்ணுகிறது. அதன் கணக்கில் ஒரு கிகாபைட் 1,073,741,824 பைட். முதல் எண்ணை இரண்டாவதால் பிரித்துப் பாருங்கள், 931 வரும். இதே கணக்கில் 2 டெராபைட் டிஸ்க் 1.81 என்றும், 4 டெராபைட் டிஸ்க் 3.63 என்றும் காட்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1024 கணக்குக்கு 'கிபிபைட்' போன்ற புதிய பெயர்களை வைத்தது. விண்டோஸ் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அப்பிள் நிறுவனம் 2009இல் தன் கணனிகளை ஆயிரம் கணக்குக்கு மாற்றிவிட்டது. அதனால்தான் ஒரே டிஸ்க் அப்பிள் கணனியில் ஒரு எண்ணும் விண்டோஸில் இன்னொரு எண்ணும் காட்டுகிறது. எனவே மேலே சொன்ன எண்கள் வந்தால் கடைக்காரனோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி, உண்மையிலேயே இடம் குறைவாகத் தெரியும் சந்தர்ப்பங்களைப் பார்ப்போம். இவை பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை.

முதலாவது, 4 டெராபைட் டிஸ்க் 2 டெராபைட் அளவே காட்டுவது. டிஸ்கின் உள்ளே இடத்தைப் பங்கு பிரித்து எழுதும் பதிவேடு ஒன்று உண்டு. எம்.பீ.ஆர். எனப்படும் பழைய முறைப் பதிவேட்டால் சாதாரணமாகச் சுமார் 2.2 இலட்சம் கோடி பைட்டுக்கு மேல் எண்ண முடியாது. ஜீ.பீ.டி. என்ற புதிய முறைக்கு மாற்றினால் முழு இடமும் வரும்.

இரண்டாவது, 3 டெராபைட் டிஸ்க் 746 கிகாபைட் மட்டும் காட்டுவது. டிஸ்கை மாட்டும் பெட்டி அல்லது கேபிள் பழையதாக இருந்தால் இப்படி நடக்கும். 2.2 வரை எண்ணிவிட்டு, பழைய வாகனத்தின் மைல் மீற்றர் போல மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. புதிய பெட்டியில் போட்டால் சரி.

மூன்றாவது, பெரிய டிஸ்க் 32 கிகாபைட் மட்டும் காட்டுவது. விண்டோஸ் ஏற்றுவதற்கோ வேறு தேவைக்கோ யாராவது அதைச் சிறிதாகப் பிரித்திருப்பார்கள். விண்டோஸில் 'டிஸ்க் மனேஜ்மென்ட்' பகுதியைத் திறந்தால், ஒதுக்கப்படாத இடம் கறுப்புக் கோட்டின் கீழ் தெரியும்.

இந்த மூன்றிலும் எச்சரிக்கை ஒன்றுதான். பதிவேட்டை மாற்றுவதும் புதிதாக ஃபோர்மட் பண்ணுவதும் உள்ளே இருப்பதை அழித்துவிடும். முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். திருத்தும் பையனிடம் கொடுத்தாலும் இதைச் சொல்லியே கொடுங்கள்.

குறைவாகக் காட்டும் டிஸ்கைப் பற்றி இவ்வளவுதான். கூடுதலாகக் காட்டும் டிஸ்க் பற்றியே நான் கவலைப்படுகிறேன். எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் இணையத்தில் பார்த்து, சட்டைப் பையில் வைக்கக்கூடிய '16 டெராபைட்' டிஸ்க் ஒன்றை மலிவாக வாங்கினார். கணனியில் போட்டபோது சொன்ன அளவை அப்படியே காட்டியது. கணக்கு, இறக்குமதிப் பத்திரங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, இடம் போதாதென்று பழைய கணனியில் இருந்ததை அழித்துவிட்டார். வருட முடிவில் வரிக் கணக்குக்காகத் திறந்தபோது ஃபைல்களின் பெயர் மட்டும் இருந்தது. ஒன்றும் திறக்கவில்லை. பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கைத்தொலைபேசிக்குப் போடும் சிறிய மெமரி கார்ட் ஒன்று! தனக்கு வர வேண்டிய கடனை, கடன்பட்டவர்களிடமே எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டிய நிலை அவருக்கு.

இந்தப் போலிகளில் உள்ள சில்லுக்குப் பொய் அளவைச் சொல்லும்படி கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகு வருவதை அது பழையதன் மேலேயே எழுதுகிறது, அல்லது எழுதாமலே விட்டுவிடுகிறது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

கண்டுபிடிக்க வழியுண்டு. உண்மையான 16 டெராபைட் ஹார்ட் டிஸ்க் புத்தகம் அளவு பருமனானது, தனி மின்சார இணைப்பும் தேவை. எனவே கையடக்கமான டிஸ்க், பெரிய எண், சிறிய விலை என்ற மூன்றும் ஒன்றாக வந்தால் விலகிவிடுங்கள். 'எச்-2-டெஸ்ட்-டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்ப வாசித்துப் பார்த்து உண்மையைச் சொல்லும். பெரிய டிஸ்கானால் பல மணித்தியாலம் எடுக்கும், எடுக்கட்டும். டிஸ்க் வெறுமையாக இருக்கும்போதே, வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிட அதுதான் சாட்சி.

மூட்டையைப் பிரித்து நிறுத்துப் பார்க்காமல் நாம் சரக்கு இறக்குவதில்லை. டிஸ்கும் சரக்குத்தான். சோதித்து, பிரதியிலிருந்து சில ஃபைல்களைத் திறந்தும் பார்த்துவிட்டு வேலையில் இறங்குங்கள். அதன் பிறகும் கணக்கை ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.