மல்லிகைப் பாத்தி: நடுமுன் நிழலைப் பாருங்கள்

கொல்லையில் பத்து மல்லிகைச் செடிகளை ஒரே நாளில் நட்டுவிடலாம். ஆனால் குண்டுமல்லி பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் பயிர். இடம் தவறினால் அத்தனை ஆண்டுகளும் தழைதான் மிஞ்சும். செடி பச்சைப் பசேலென்று வளர்ந்தும் பூக்காமல் போவதற்குப் பல வீடுகளில் நிழலே காரணம்.

இடத் தேர்வு

மல்லிகைக்கு நாள் முழுவதும் வெயில் வேண்டும். ஆடியில் நடுவோர் அன்றைய வெயிலைப் பார்த்து இடம் ஒதுக்கிவிடுகின்றனர். அப்போது சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் வீட்டின் வடபுறமும் வெயிலாகவே தெரியும். மார்கழியில் சூரியன் தெற்கே சாயும். தமிழ்நாட்டில் 10 அடி உயரச் சுவரின் நடுப்பகல் நிழல் அப்போது 6 முதல் 7 அடி வரை வடக்கே விழும். கவாத்து செய்த செடி தளிர் விடுவதும் அந்தச் சமயத்தில்தான். எனவே வடபுறத்தில் நடுவோர் அந்த அளவு இடைவெளி விட்டே பாத்தியைத் தொடங்க வேண்டும். விட்ட நிழல் பகுதியில் ஓரளவு நிழல் தாங்கும் கனகாம்பரம் நடலாம்.

ஓர் அடி ஆழக் குழி எடுத்து நீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் தேங்கி நின்றால், மண் அணைத்து மேட்டுப்பாத்தி அமைப்பது அவசியம்.

நடவு

20 அடி நீளம், 8 அடி அகலம் உள்ள பாத்தியில் 10 செடிகள் அடங்கும். ஓரத்திலிருந்து 2 அடி தள்ளி, செடிக்குச் செடி 4 அடி விட்டு இரு வரிசைகளில், ஓர் அடி நீள, அகல, ஆழக் குழிகள் எடுக்க வேண்டும். குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணுடன் கலந்து நிரப்பி, வேர் பிடித்த பதியன்களை ஆனி முதல் ஐப்பசி வரை நடலாம். நட்டவுடன் நீரும், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீரும் விட வேண்டும்.

முதல் ஆண்டில் இடைவெளியில் செண்டுப்பூ நடுவது நல்லது. நட்ட இரண்டு மாதத்தில் அது பூக்கும். மண்ணிலுள்ள வேர்முடிச்சு நூற்புழுக்களையும் கட்டுப்படுத்தும்.

பராமரிப்பு

கார்த்திகை முற்பகுதியில் செடிகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்பே நீரை நிறுத்திவிடுங்கள். வளர்ந்த செடி ஒன்றுக்குக் கவாத்து முடிந்ததும் யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் இட்டு, அதே அளவை ஆனியில் மீண்டும் இட வேண்டும்.

சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இளம் இலைகள் மஞ்சளாகும். இது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, மஞ்சள் மாறும் வரை மாதம் ஒரு முறை தெளிக்கலாம். மொட்டுகளில் துளை தென்பட்டால் அது மொட்டுப்புழுவின் வேலை. தாக்கிய மொட்டுகளைப் பறித்து அழித்து, வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும்.

நட்ட ஆறு மாதத்தில் பூ தலைகாட்டும். முழு விளைச்சலுக்கு மூன்றாம் ஆண்டு வரை பொறுக்க வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை பூ மிகுதியாக இருக்கும். முற்றிய மொட்டுகளை விரியுமுன் விடியற்காலையில் பறித்தால், வீட்டுத் தேவை போக மிஞ்சியதைப் பூக்காரரிடம் வாடாமல் கொடுக்கலாம். ஆகவே மண்வெட்டி எடுக்குமுன் மார்கழி நிழல் விழும் எல்லையை அளந்து, அங்கே ஒரு குச்சி நடுங்கள்.