பதின்மூன்று வரிசை அரங்கின் நடிகர்கள்

யெர்சி குரோட்டோவ்ஸ்கி என்ற ஒருவரின் பெயராலும் ‘ஏழை அரங்கு’ என்ற ஒரு தொடராலும் இன்று நினைவுகூரப்படும் போலந்து நாடகக் குழு, கால் நூற்றாண்டுக் காலம் நாள்தோறும் சேர்ந்து உழைத்த நடிகர்கள் சிலரின் கூட்டு ஆக்கமாகும். 1959இல் ஒபோலே என்னும் சிறு நகரில் ‘13 வரிசை அரங்கு’ என்ற பெயரில் தொடங்கி, 1965இல் வ்ரோத்ஸ்வாஃப் நகருக்கு இடம்பெயர்ந்து, ‘ஆய்வுக்கூட அரங்கு’ எனப் புகழ்பெற்று, 1984இல் தன்னைத்தானே கலைத்துக்கொண்ட அக்குழுவை மறுமதிப்பீடு செய்ய முனைவோர், நெறியாளர் குரோட்டோவ்ஸ்கியின் புகழில் மறைந்துபோனவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.

அவர்களுள் முதல்வர் விமர்சகர் லுட்விக் ஃபிளாஷன். அரங்கை நடத்தும் வாய்ப்பு முதலில் அவருக்கே வந்தது. குரோட்டோவ்ஸ்கியை அழைத்துவந்தவர் அவர்தான். 1962இல் அரங்கேறிய ‘அக்ரோபொலிஸ்’ நாடகத்தை விளக்கி எழுதியபோது ‘ஏழை அரங்கு’ என்ற கருத்தை முன்வைத்தவரும் அவரே. அத்தொடரிலுள்ள ஏழ்மை பணமின்மையைக் குறிப்பதன்று. ஒப்பனை, ஒளி வித்தை, பதிவுசெய்த இசை, அலங்காரக் காட்சியமைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னும் எஞ்சி நிற்கும் நடிகர்–பார்வையாளர் உறவே நாடகத்தின் உயிர் என்பதே அதன் பொருள். சில டஜன் பார்வையாளர்களுக்காக மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்க அக்குழுவுக்கு இயன்றது கம்யூனிச அரசின் மானியத்தால்தான் என்பதை மறந்து, செலவில்லாத நாடகமே ஏழை அரங்கு எனக் கொள்வது பிழை.

விலக்குதல் எத்தகைய வலிமையைத் தந்தது என்பதற்கு ‘அக்ரோபொலிஸ்’ சான்று. ஈஸ்டர் இரவில் கிராக்கோவின் வாவெல் பேராலயத்துச் சிலைகளும் திரைச்சீலை ஓவியங்களும் உயிர்பெறுவதாக விஸ்பியான்ஸ்கி எழுதிய நாடகத்தை, இக்குழு ஔஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு மாற்றியது. அம்முகாமில் கைதியாயிருந்து மீண்ட ஓவியர் யூசெஃப் ஷய்னா அதன் வடிவமைப்பில் பங்கேற்றார். ஓட்டைகள் கொண்ட சாக்குத் துணியும் கனத்த மரக்காலணியும் அணிந்த நடிகர்கள், முகத்தசைகளை இறுக்கியே முகமூடி ஆக்கிக்கொண்டு, பார்வையாளர்களின் நடுவே இரும்புப் புகைக்குழாய்களைச் சுமந்து வந்து பொருத்துகிறார்கள். நாடகத்தில் வரும் விவிலியப் பாத்திரமான யாக்கோபு மணக்கும் ராகேலும் ஒரு புகைக்குழாய்தான். தாங்களே கட்டிமுடித்த எரியுலைக்குள் இறுதியில் எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள்.

இத்தகைய உடற்கட்டுப்பாட்டை ஒருவர் வாய்மொழியால் கற்பித்துவிட முடியாது. குரல் எங்கே பிறக்கிறது என்று தேடிய ஸிக்முண்ட் மோலிக், மூட்டுதோறும் அசைவை ஆராய்ந்த ரேனா மிரெட்ஸ்கா ஆகியோர் வழிநடத்திய பயிற்சிகளே குழுவின் அடித்தளம். குழுவோடிருந்த இத்தாலியர் யூஜெனியோ பார்பா 1963இல் கேரளக் கலாமண்டலத்தில் கண்டு எழுதிய கதகளிப் பயிற்சி முறைகளும் அதில் கலந்தன. தமிழ் வாசகர்கள் குரோட்டோவ்ஸ்கியை ரமணர்மீது ஈடுபாடு கொண்டவராகவும், 1999இல் மறைந்தபின் அஸ்தி அருணாசலத்தில் தூவப்பட்டவராகவும் அறிந்திருக்கலாம். ஆயினும் அந்த ஆன்மிகத் தேடலை மட்டும் முன்னிறுத்தும்போது இந்தத் தொழில்நுட்ப உழைப்பு கண்ணில் படாமல் போகிறது.

1965இல் ‘உறுதி குலையா இளவரசன்’ நாடகத்தில் ரிஷார்ட் சியெஷ்லாக் நடித்ததைக் கண்டவர்கள், கட்டற்ற பரவசம் ஒன்றைக் கண்டதாகவே எண்ணினர். பின்னாளில் பீட்டர் புரூக்கின் ‘மகாபாரத’த்தில் திருதராட்டிரனாக வந்தவர் இவரே. சித்திரவதைக்கு உள்ளாகும் இளவரசனின் வேடத்தை அவர் தம் இளமையின் முதற்காதல் நினைவின்மீது, ஒவ்வோர் அசைவையும் மூச்சையும் வரையறுத்துக் கட்டியிருந்தார் என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே வெளிப்பட்டது. அந்நாடகத்தின் ஒலி ஒரு நிகழ்ச்சியிலும், படம் பிறிதொரு காலத்து நிகழ்ச்சியிலும் தனித்தனியே பதிவாகியிருந்தன. பின்னர் அவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தபோது, குரலும் உதட்டசைவும் உடலும் பொருந்தி நின்றன.